தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சபை: பகுதி சபையை எப்படிப் பயன்படுத்துவது?

கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை தெரியும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் ஊர்ப் பொது இடத்தில் கூடி, ஊராட்சித் தலைவரை நேருக்கு நேர் வரவு செலவு கேட்கலாம். எல்லா ஊரிலும் கேட்கிறார்களா, கேட்டால் பதில் வருகிறதா என்பது வேறு விஷயம். அப்படி ஒரு சபை இருக்கிறது என்பதாவது ஊருக்கே தெரிந்திருக்கிறது. நகரத்தில் வீட்டு வரியை ஒழுங்காகக் கட்டுகிற ஒருவரிடம், “உங்கள் பகுதி சபை உறுப்பினர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்று உங்களையே திருப்பிக் கேட்பார்.

இருக்கிறது. அது வந்து சேர்ந்த பாதைதான் நீளம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என்றது. ஒரு வார்டுக்கு ஒரு குழுவாகவும் இருக்கலாம், பல வார்டுகளுக்குச் சேர்த்து ஒன்றாகவும் இருக்கலாம் என்று அதில் ஒரு சந்து இருந்தது. மண்டலத்துக்கு ஒரு குழு, அதில் கவுன்சிலர்கள் மட்டும் என்று அந்தச் சந்தில் புகுந்து வேலையை முடித்துக்கொண்டவர்கள் உண்டு. 2005 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், ‘பணம் வேண்டுமென்றால் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் போடுங்கள்’ என்று மாநிலங்களுக்கு நிபந்தனை விதித்தது. தமிழ்நாடு 2010-ல் பகுதி சபைகளுக்கு இடமளித்துச் சட்டத்தைத் திருத்தியது. அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் விதிகள் வெளிவந்தது 2022 ஜூனில்.

இடையில் ஐந்தாண்டுக்கு மேல் கவுன்சிலர்களே இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. அதுவரை மாநகராட்சி முதல் பேரூராட்சி வரை தனி அலுவலர்களின் கையில் இருந்தது. அந்தத் தேர்தலில் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 489 பேரூராட்சிகளுக்கு உறுப்பினர்கள் தேர்வானார்கள். அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் முதல்வர் ஸ்டாலினே கூட்டத்தில் உட்கார்ந்தார்.

ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். அந்தந்தப் பகுதியின் வாக்காளர் எல்லோரும் அந்தச் சபையின் அங்கம். கவுன்சிலர் தலைமை வகிப்பார். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒருவர் வார்டு குழுவில் உறுப்பினராக இருப்பார். எத்தனை பகுதி என்பது நகரத்தின் அளவைப் பொறுத்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மாநகராட்சியில் வார்டுக்குப் பத்து. சென்னையின் 200 வார்டுகளுக்கு இந்தக் கணக்கில் 2,000 பகுதி சபைகள்.

இந்த எண்ணை ஏதோ அலங்காரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011-ல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அந்த ஆண்டின் கணக்கெடுப்பில் விரிந்த நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 66 லட்சம். வார்டுக்குச் சராசரியாக 33,000 பேர். ஒரு சிறு நகராட்சிக்கு இணையான கூட்டத்துக்கு ஒரே ஒரு கவுன்சிலர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் தெருவின் மூன்றாவது மின்கம்பத்தில் விளக்கு எரியாதது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. மூவாயிரம் பேருக்கு ஒரு சபை என்று வரும்போதுதான் பெரிய ஊராட்சி ஒன்றின் அளவுக்காவது இறங்கி வருகிறோம்.

யாருடைய வேலை இது?

நகரவாசியின் பாதி எரிச்சல், தவறான கதவைத் தட்டுவதால் வருகிறது. சென்னையையே எடுத்துக்கொள்வோம். உட்புறச் சாலை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, கொசு மருந்து, பூங்கா, பிறப்பு இறப்புச் சான்றிதழ் ஆகியவை மாநகராட்சி. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1978-ல் தனியாக உருவாக்கப்பட்ட சென்னைக் குடிநீர் வாரியம், அதாவது நாம் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது. தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி, திறந்து கிடக்கும் மின்பெட்டி மின்வாரியத்தின் பொறுப்பு. பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறையிடம். ஏரி பெரும்பாலும் நீர்வளத் துறையிடம்.

இந்தப் பிரிவினை காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. தெருவில் இறங்கினால் குழம்பிவிடும். மழைநீர் வடிகாலில் மழையே பெய்யாத மே மாதத்தில் கறுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. மூடியைத் தூக்கினால் நாற்றம். மாநகராட்சியின் உதவிப் பொறியாளரைக் கூப்பிட்டால், “சார், இது கழிவுநீர், மெட்ரோ வாட்டர்ல சொல்லுங்க” என்பார். மெட்ரோ வாட்டர் டெப்போவுக்குப் போனால், “வடிகால் கார்ப்பரேஷனோடது சார், நாங்க கை வைக்க முடியாது” என்பார்கள். இருவர் சொல்வதும் உண்மை. யாரோ ஒருவர் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக வடிகாலில் விட்டிருக்கிறார். அதைத் துண்டித்து அபராதம் போட வேண்டியது மாநகராட்சி. அந்த வீட்டுக்கு முறையான சாக்கடை இணைப்பு கொடுக்க வேண்டியது குடிநீர் வாரியம். இரண்டும் ஒரே வாரத்தில் நடக்காவிட்டால் துண்டித்த குழாய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பகுதி சபையின் உண்மையான பயன் இங்கேதான் என்பேன். கவுன்சிலர், மாநகராட்சிப் பொறியாளர், குடிநீர் வாரியப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர் நால்வரும் ஒரே கூரையின் கீழ், தெருக்காரர்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ‘அது அவர் வேலை’ என்று சொல்வது கடினம். அவர் பக்கத்து நாற்காலியில் இருக்கிறாரே! அதனால் கூட்டத்துக்கு இன்ன துறை அலுவலர் வர வேண்டும் என்று வார்டு அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது, கூட்டத்தில் பேசுவதைவிட முக்கியம்.

ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? நாற்பது பேர் வருகிறார்கள், நாற்பது புகார் வாசிக்கப்படுகிறது, கவுன்சிலர் “பார்த்துக்கறேன்மா” என்று நாற்பது முறை சொல்கிறார், டீயோடு கூட்டம் முடிகிறது. விளக்கு எரியவில்லை, குப்பை எடுக்கவில்லை என்ற வகைப் புகாருக்குச் சபை தேவையே இல்லை. மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 1916, மின்சாரத்துக்கு 1912. (மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பதால் அந்த எண்ணை நினைவில் வைப்பது எளிது.) புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு வேலை நடக்காமல் ‘முடிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தால், அப்போது அதைச் சபைக்குக் கொண்டுபோகலாம். அச்சிட்ட புகார்ப் பட்டியலுக்கு இருக்கும் மரியாதை வாய்ச்சொல்லுக்கு இருப்பதில்லை.

நாய்த் தொல்லையும் எல்லாக் கூட்டத்திலும் வரும். அதில் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. 2023-ம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாயைப் பிடித்துக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட பிறகு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது பொது விதி. “எங்கேயாவது கொண்டுபோய் விடுங்க” என்று கவுன்சிலரைக் கேட்டால் அவரால் செய்ய முடியாது. நம் தெருவில் எத்தனை நாய்க்குக் கருத்தடை ஆகியிருக்கிறது, அடுத்த முகாம் எப்போது என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

சாலை போடும்போது கேட்க வேண்டிய கேள்வி

சபையில் கேட்பதற்கென்றே பிறந்த விஷயம் ஒன்று உண்டு: சாலையின் உயரம். பழைய குடியிருப்புகளில் பாருங்கள். வாசலில் நான்கு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது இரண்டு படிதான் வெளியே தெரியும். அதற்குப் பக்கத்து வீட்டில் படியே இல்லை. மழை வந்தால் தெரு நேராக ஹாலுக்குள் வருகிறது. வீடு இறங்கவில்லை. பழைய தார் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொன்று என்று தெருதான் ஏறியிருக்கிறது. பாதாளச் சாக்கடை மூடிகளும் மேலே ஏற்றப்படாமல் குழிக்குள் கிடக்கும். இருசக்கர வண்டிக்காரருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

2021 மே மாத இறுதியில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே மறுபூச்சு செய்ய வேண்டும் என்று சாலை போடும் துறைகளுக்கு எழுதினார். ஒப்பந்ததாரர்கள் மொழியில் இதற்கு மில்லிங் என்று பெயர். எவ்வளவு கனத்துக்குப் புதுப் பூச்சு போடுகிறார்களோ அவ்வளவு ஆழத்துக்கு முதலில் சுரண்ட வேண்டும். சுரண்டிய தெருவின் மேற்பரப்பு உழுத வயல்போலக் கோடு கோடாக இருக்கும். இரவு பதினொரு மணிக்கு லாரி வந்து, ஒழுங்காகக் கூட்டக்கூட இல்லாத பழைய சாலை மேல் தார் கொட்டினால், அது மில்லிங் இல்லை. மறுநாள் காலையில் சண்டை போட்டுப் பயனில்லை. வேலை ஆணை வருவதற்கு முன்னால், பகுதி சபையில், ‘இந்தத் தெருவில் மில்லிங் ஆழம் எவ்வளவு? புதுப் பூச்சின் கனம் எவ்வளவு? சாலை போட்ட பிறகு குழாய்க்காகத் தோண்டப் போகிறீர்களா, தோண்டிவிட்டுப் போடப் போகிறீர்களா?’ என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். புதுச் சாலை போட்ட மூன்றாம் மாதம் ரோடு கட் விழாத தெருக்காரர்கள் பாக்கியசாலிகள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை தோண்ட அனுமதி தருவதை மாநகராட்சி நிறுத்திவைப்பது வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய மாதங்களில் அவசர அவசரமாகத் தோண்டுவார்கள் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

பேசுவது பதிவாகிறதா என்பதே எல்லாவற்றுக்கும் அடிப்படை. கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை ஏறியிருக்கிறதா என்று அங்கேயே பார்க்க வேண்டும். குறிப்பின் நகலைத் தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். எந்தெந்தத் தெருவுக்கு எந்த நிதியில், எவ்வளவு செலவு என்ற வேலை மதிப்பீட்டையும் இதே வழியில் வாங்கலாம்.

வரி கட்டுகிறவரின் கேள்வி

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது நினைவிருக்கும். சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். பிறகு 2024-ல் சென்னையில் 6 சதவீத உயர்வும் வந்தது. அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். கட்டிய பணத்தில் என் வார்டுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. வார்டு மேம்பாட்டு நிதி கவுன்சிலருடைய பணம் அல்ல. எந்த வேலைக்கு அதைச் செலவிடலாம் என்று சொல்லும் இடம் பகுதி சபை. நமக்கு நாமே திட்டத்தில் குடியிருப்போர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தருகிறது. வசதியான குடியிருப்புகள் இதைப் பயன்படுத்திப் பூங்காவும் கண்காணிப்பு கேமராவும் வாங்கிக்கொள்கின்றன. குடிசைப் பகுதியால் பங்கு போட முடிவதில்லை. இந்த ஓரவஞ்சனையைச் சரிசெய்யும் இடமும் சபைதான், குடிசைப் பகுதிக்காரர்கள் வர முடிகிற நேரத்தில் அது கூடினால். காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் எப்படி வருவார்கள்?

எனக்கு இந்த ஏற்பாட்டில் பெரிய குறை ஒன்று தெரிகிறது. வார்டு குழுவில் உட்காரும் பகுதி உறுப்பினரை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, கவுன்சிலர்கள் அடங்கிய மன்றம் நியமிக்கிறது. அப்படியானால் கவுன்சிலருக்கு வேண்டியவர், கட்சிக்கு வேலை பார்த்தவர் என்று பட்டியல் போவது இயல்பு. கேள்வி கேட்க வேண்டியவரைப் பதில் சொல்ல வேண்டியவரே நியமிக்கும் அமைப்பு எவ்வளவு தூரம் ஓடும்? பகுதி வாக்காளர்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்கும்படி விதியைத் திருத்தினால் செலவு ஒன்றும் கூடிவிடாது. குறைந்தபட்சம் உறுப்பினரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கூட்டத் தேதியும் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

2022 மார்ச் 2-ல் பதவியேற்ற கவுன்சிலர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு. 2016-லும் அந்தப் பிரிவு இருந்தது. கவுன்சிலர் இல்லாவிட்டால் பகுதி சபைக்குத் தலைமை வகிக்கவும் ஆள் இல்லை. ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள், தங்கள் தெருக் கோரிக்கைகளோடு ‘உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துக’ என்ற தீர்மானத்தையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.