நாற்றைக் கடித்தது யார்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் மாகறல். ஆடி பிறந்ததும் இங்கே கொல்லையில் பூசணி, புடலை, கத்தரி, மிளகாய் எல்லாம் முளைத்துவிடும். பத்துப் பதினைந்து நாள் போனால் புலம்பலும் முளைக்கும். “செடியெல்லாம் போச்சு அக்கா, கடையில என்ன மருந்து கேக்கட்டும்?” என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நிற்பார்கள். கடித்தது யாரென்று முதலில் பார், மருந்தை அப்புறம் யோசிக்கலாம் என்பேன்.

நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் அடியோடு வெட்டுண்டு கிடக்கிறதா? வெட்டுப்புழுவின் வேலை அது. இரவில் வெட்டிவிட்டுப் பகலில் அங்கேயே மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். தண்டைச் சுற்றி விரலால் கிளறினால், சாம்பல் நிறத்தில் கொழுத்த புழு வளையமாகச் சுருண்டு கிடக்கும். எடுத்து நசுக்குங்கள். மீதி நாற்றுகளுக்கு, அடி நீக்கிய காகிதக் கோப்பையைக் கொஞ்சம் மண்ணில் அழுத்திச் சுற்றிலும் வேலியாக வைத்தால் போதும்.

பூசணி, புடலையின் முதல் இரண்டு இலைகளில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் செவ்வண்டு. வெயில் ஏறினால் பறந்துவிடும், விடியற்காலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டிவிடலாம். பனி ஈரத்தோடு அடுப்புச் சாம்பலையும் தூவுங்கள்.

கத்தரியில் புள்ளி வண்டு சுரண்டினால் நரம்பு மட்டும் மிஞ்சி, ஊடை ஓடாத பாவு மாதிரி இலை நிற்கும். அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும். இதையும் பொறிவண்டின் புழுவையும் ஒன்றென்று நினைத்துக் கொன்றுவிடாதீர்கள். பொறிவண்டின் புழு கருத்து நீண்டிருக்கும், அசுவினியைத் தின்று நம் செடியைக் காப்பாற்றும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சி இனமே அல்ல. அதனால்தான் பல பூச்சி மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. அதற்கு நனையும் கந்தகத்தூள்தான் கேட்கும்.

அசுவினி, இலைப்பேன், தத்துப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 50 கிராம் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். துளி சோப்பு கலந்து அன்றே சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் குறைந்துவிடும்.

பட்டுத்தறி வீட்டுக்காரி என்பதால் ஒன்று சொல்கிறேன். 2008இல் நம் நாட்டில் முதலில் கோவையில் தெரியவந்த பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரித் தோட்டங்களையும் அழித்தது. கத்தரியையும் அது விடவில்லை. மல்பெரிக்கு மருந்தடித்தால் அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவே செத்துவிடும். 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவுக்குச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. மருந்தைத் தொடர்ந்து அடிக்கும் தோட்டத்தில் அந்தக் குளவியும் பிழைக்காது.

தெரியாத பூச்சி கண்ணில் பட்டால், கடிபட்ட இலையோடு ஒரு டப்பாவில் போட்டு வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் காட்டுங்கள். மருந்துக் கடைக்கு அதற்குப் பிறகு போங்கள்.