வாளை மீனின் வாடகை வீடு!

"சமயபுரத்தாளைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஸ்ரீரங்கத்திலிருந்து வடக்கே கிளம்பும் ஆசாமிகளில் முக்கால்வாசிப் பேர் நிஜமாகவே கோயிலுக்குத்தான் போகிறார்கள். மிச்சம் பேர் கொள்ளிடத்தைத் தாண்டுவதே இல்லை. நானும் என் நண்பரும் அந்த மிச்சத்தில் இரண்டு.

நண்பருக்கு ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பிரிவு. வாரத்தில் ஆறு நாள் பேலன்ஸ் ஷீட். ஏழாவது நாள் தூண்டில். இரண்டிலும் கடைசியில் எதுவும் மிஞ்சாது! அன்று அவர் கையில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே பத்துப் பன்னிரண்டு 'ஜிக்'.

ஜிக் என்றால் பெரிய விஷயமில்லை. தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயத்தை உருக்கி ஊற்றி, ஒரு தலை மாதிரி செய்திருப்பார்கள். பின்னால் ரப்பரில் ஒரு வால். தங்கூசியைக் கட்டும் வளையம் தலைக்கு மேலே இருப்பதால், தண்ணீரில் முள்ளின் கூர் வானத்தைப் பார்த்தபடி போகும். கல் இடுக்கில் சீக்கிரம் மாட்டாது. மண்புழு தேட வேண்டாம், மைதா பிசைய வேண்டாம். மனைவி, "மைதா எங்கே காணோம்?" என்று கேட்கவும் மாட்டாள்.

ஆற்றில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போயிற்று. கரையோரம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள், பாதி உள்ளே பாதி வெளியே. நண்பர் ஜிக்கை வீசினார். விழுந்த இடத்தில் அது ஒரு விநாடி கூட நிற்கவில்லை. சம்பளம் மாதிரி வந்தது தெரியாமல் போய்விட்டது!

"தம்பி, நடு ஆத்துல என்ன தேடுறீங்க? மீனுக்கு என்ன தலையெழுத்தா, அந்த இழுப்புல நிக்கிறதுக்கு?"

திரும்பிப் பார்த்தோம். தலையில் துண்டு, கையில் மூங்கில் கழி, ஒரு பெரியவர். கொள்ளிடத்தில் வலை போட்டே தலை நரைத்தவர்.

எதிர்நீச்சல் என்பதெல்லாம் சினிமாவில்தான். மீன் நம்மைவிட புத்திசாலி. ஓடும் தண்ணீரை ஒரு கல் மறித்தால், அதற்குப் பின்னால் தண்ணீர் மந்தமாகச் சுழலும். கல்லுக்கு முன்னாலும் சின்னதாக ஒரு மந்தமான இடம் உண்டு. அடித்தரையை ஒட்டி ஓடும் தண்ணீருக்கும் மேல்தண்ணீரை விட வேகம் குறைவு. இந்த மூன்று இடங்களில்தான் வாளை வாடகைக்குக் குடியிருக்கும். வேகத்தண்ணீரும் மந்தத்தண்ணீரும் உரசுகிற கோட்டில் சின்ன மீன்கள் அடித்துக்கொண்டு வரும். வாளை ஒரு எட்டு எட்டிப் பிடித்துக்கொண்டு, மறுபடி வீட்டுக்குள் போய்விடும். எங்கள் பழைய ஆபீஸ் ஹெட் கிளார்க் பீரோவுக்குப் பின்னால் சீட் போட்டுக்கொண்டதன் ரகசியம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது!

"கல்லுக்கு மேல் பக்கமாப் போடுங்க. இழுப்பு அதுவா கொண்டாந்து கல்லுக்குப் பின்னால விடும். நரம்பை மட்டும் தொய்ய விடாதீங்க" என்றார் பெரியவர். அவர் ஜிக் என்ற வார்த்தையைக் கேட்டதே இல்லை. ஆனால் ஜிக் போடுகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியது மொத்தமும் அந்த மூன்று வரியில் வந்துவிட்டது.

மிச்சமெல்லாம் எடை விவகாரம். ஜிக் லேசாக இருந்தால் தரையைத் தொடாமலே அடித்துக்கொண்டு போகும். கனமாக இருந்தால் கல் இடுக்கில் போய் உட்கார்ந்துவிடும். சில விநாடிக்கு ஒரு தடவை தரையில் 'டொக்' என்று தட்டிவிட்டு எழுந்தால் எடை சரி. தங்கூசியும் மெல்லிசாக இருக்க வேண்டும். தடித்த நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுத்து, ஜிக்கையும் மேலே தூக்கிவிடும். கழியை மெல்ல உயர்த்தி, பிறகு இறக்க வேண்டும். மீன் பெரும்பாலும் ஜிக் இறங்கும்போதுதான் கவ்வும். கையில் ஒரு தட்டல், அல்லது நரம்பு திடீரென்று தொய்வு. அவ்வளவுதான் தந்தி. உடனே சுண்ட வேண்டும்.

நாலாவது வீச்சில் நண்பரின் கழி வளைந்தது. "மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார். மாட்டியது மீனல்ல, கல். முப்பது ரூபாயோ நாற்பது ரூபாயோ... அக்கவுண்ட்ஸ்காரர் மனசு கேட்குமா? பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார். முதல் அடியில் முழங்கால் தண்ணீர். இரண்டாவது அடியில்...

ஆளைக் காணோம்!

ஒரு கை மட்டும் தெரிந்தது. பெரியவர் மூங்கில் கழியை நீட்டினார். நான் பெரியவரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். நண்பர் கழியைப் பற்றிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. எனக்கு அது ஒரு வருஷம்.

"கல்லுக்குப் பக்கத்துல ஆறு குழி பறிச்சு வெச்சிருக்கும் தம்பி. மீனுக்கு அது வூடு. நமக்கு அது வேற" என்றார் பெரியவர், துண்டைப் பிழிந்துகொண்டே.

நான் படித்தது பி.காம். பிசிக்ஸ் எல்லாம் பத்தாம் வகுப்போடு டாட்டா. ஆனால் இந்தக் கணக்கு கந்துவட்டி மாதிரி சுலபமாகப் புரிகிறது. தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது நம்மைத் தள்ளும் பலம் நாலு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அந்தத் தண்ணீர் கல்லில் மோதி, கீழ்ப்பக்கம் சுழன்று இறங்கி, காலடி மணலை அள்ளிக்கொண்டு போகிறது. கல் அங்கேயே இருக்கும். தரைதான் இருக்காது!

இதை நம் ஊரில் ரொம்ப காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டிருக்கிறார்கள். கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையே அப்படித்தானே? மணல் ஆற்றில் பெரிய கல்லைப் போட்டால், அடியில் மணல் அரித்துக் கல் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல். அதுவும் இறங்கும். இனி இறங்காது என்று ஆகும்வரை போட்டுக்கொண்டே போவது. ஆற்றின் குழி பறிக்கும் புத்தியையே அஸ்திவாரமாக்கிய கெட்டிக்காரத்தனம் அது. ஆர்தர் காட்டன் இந்த வித்தையைப் பார்த்து வியந்தார். அவர்தான் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டியவர்.

அதே புத்தி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் 22-ம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து 45 ஷட்டர்களில் 9 அடித்துக்கொண்டு போயின. பாலமும் அணையுமே தாக்குப்பிடிக்காத இடத்தில் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினால் எப்படி ஸார்?

இன்னொன்று. இங்கே மழையே பெய்யாமல் ஆறு ஏறும். மேட்டூரில் திறந்தால் தண்ணீர் வந்து சேரச் சில நாளாகும். 2022-ல் மே 24-ம் தேதி மேட்டூரில் திறந்தார்கள், 27-ம் தேதி கல்லணையிலும் திறந்தாயிற்று. முக்கொம்பில் வெள்ளத்தைக் கொள்ளிடம் பக்கம் திருப்பிவிட்டால் நாம் உட்கார்ந்திருக்கும் கல் தீவாகிவிடும். பேப்பரில் சினிமாப் பக்கத்தைப் புரட்டும் முன்பு மேட்டூர் நிலவரத்தைப் பாருங்கள்.

பெரியவர் வந்ததும் செய்த முதல் வேலை, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டதுதான். அரை மணிக்கு ஒரு தடவை அதைப் பார்ப்பார். குச்சியைத் தண்ணீர் தாண்டினால் கிளம்பிவிடுவார், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

நண்பரின் ஜிக்? பெரியவரே தங்கூசியைக் கத்தியால் அறுத்துவிட்டார். "மாட்டிச்சுன்னா அறுத்துடணும் தம்பி. நாப்பது ரூவா சாமான் கடையில கிடைக்கும்."

அடுத்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

வாளை கிடைக்கவில்லை. ஆனால் ஈர பேண்டோடு நண்பர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. பாலத்தைத் தாண்டி, டோல்கேட் தாண்டி, நேரே சமயபுரத்தில் போய் நின்றார். ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வீட்டில் குங்குமத்தைக் கொடுத்தேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அதிசயமா இருக்கே! இன்னிக்கு நிஜமாவே கோயிலுக்கா போனீங்க?"