நோயில்லாத பசுவிடம் இரத்தம் எடுப்பது ஏன்?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் உங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு கறவைப் பசு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானிக்கு வாங்கிய செம்மறிக் கிடாயும் அருகே கட்டப்பட்டுள்ளது. கால்நடை மருத்துவர் வந்து, பசுவிடம் சிறிது இரத்தம் எடுக்க வேண்டும் என்கிறார். "நன்றாகத் தீனி தின்னும் மாட்டுக்கு ஊசி எதற்கு?" என்றுதானே கேட்பீர்கள்?

கேள்வி நியாயமானதே. விடையோ நீலநாக்கு நோயின் இயல்பில் இருக்கிறது. கொசுவினும் சிறிய கடிப்பூச்சிகள் பரப்பும் வைரஸ் நோய் இது. செம்மறியைத் தாக்கினால் கடுங்காய்ச்சல், முகவீக்கம், வாய்ப்புண், நொண்டல் ஆகியவை தோன்றும், சிலவற்றின் நாக்கு நீலம் பாரிக்கும், பல மடியும். மாட்டுக்கோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. ஆயினும் அதன் இரத்தத்தில் வைரஸ் சுமார் 60 நாட்கள் வரை தங்கக்கூடும். அம்மாட்டைக் கடித்த பூச்சி, சில நாட்கள் கழித்து ஆட்டைக் கடிக்கும்போது நோயையும் கொடுத்துவிடுகிறது.

இந்தியாவில் இந்நோய் 1964இல் மகாராஷ்டிரத்தில் அறியப்பட்டது. 1997-98இல் தமிழகத்துச் செம்மறி மந்தைகளுக்குப் பேரழிவை உண்டாக்கியது. தூத்துக்குடி மாவட்டத்தில் வேம்பூர் ஆடுகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது எத்தகைய அச்சம் என்பதை எண்ணிப் பாருங்கள். 2006இல், அதுவரை இந்நோயைக் கண்டிராத வட ஐரோப்பாவிலும் அது பரவியது.

இந்த வைரஸில் 24க்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. ஒரு வகைக்கு எதிரான காப்பு மற்றொன்றுக்குப் பெரும்பாலும் உதவாது. இந்தியாவில் உருவான தடுப்பூசியில் 5 வகைகளே அடங்கியுள்ளன. ஆகவே எந்த வட்டாரத்தில் எவ்வகை உலவுகிறது என்பதை மாட்டு மந்தைகளை ஆராய்ந்தே அறிய வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டால், அம்மாட்டுக்கு முன்பே தொற்று ஏற்பட்டது புலனாகும். மேலும் ஆராய்ந்தால் வகையும் தெரியும்.

இந்நோய் மனிதருக்குப் பரவுவதில்லை, அஞ்ச வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஈரச் சாணமும் சேறும் அப்பூச்சிகளின் பிறப்பிடம். கொட்டிலை உலர்வாக வையுங்கள். அந்தி முதல் விடியல் வரை அவை மிகுதியாகக் கடிக்குமாதலால், இரவில் ஆட்டை மாட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள்.

மருத்துவர் இரத்தம் கேட்டு வந்தால் மறுக்காதீர்கள். உங்கள் பசு தரும் சில துளிகள் அடுத்த ஊரின் ஆட்டு மந்தையையும் காக்கக்கூடும்.