சித்திரையில் வெயில், கார்த்திகையில் வெள்ளம்... இரண்டையும் தாங்குமா மாடு? - திண்டிவனம் கால்நடை வளர்ப்போர் கற்கும் பாடம்!

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் மழைக்கணக்கு வந்தபோது பலருக்கும் நம்ப முடியவில்லை. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. பக்கத்திலிருக்கும் திண்டிவனத்தில் 37 செ.மீ. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலே ஏறக்குறைய 100 செ.மீ. மழை பெறும் மாவட்டம் இது. அதில் பாதி, ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது.

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடலாம். கொட்டகையில் கயிற்றில் கட்டிக் கிடக்கும் மாடு எங்கே ஓடும்? அதே மாடுதான் ஆறு மாதங்களுக்கு முன்பு கத்திரி வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சிரைத்தது. அதே கொட்டகைதான் வெயிலுக்கும் மழைக்கும்.

தமிழ்நாட்டில் 95 லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இருப்பதாகச் சொல்கிறது 2019-ல் எடுக்கப்பட்ட 20-வது கால்நடைக் கணக்கெடுப்பு. திண்டிவனம், மயிலம், மரக்காணம், செஞ்சி வட்டாரங்களில் பெரும்பாலும் பெரிய பண்ணைகள் கிடையாது. வீட்டுக்கு இரண்டு மாடு, நாலைந்து ஆடு, அவ்வளவுதான். ஆனால், பள்ளிக்கூட ஃபீஸ், மளிகைக்கடை பாக்கி, சுயஉதவிக் குழுத் தவணை எல்லாம் அந்த இரண்டு மாட்டின் பாலில்தான் ஓடுகிறது. அந்த மாட்டைக் காலையும் மாலையும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள். காலநிலை மாற்றம் அவர்கள் வீட்டுக் கணக்கில் நேரடியாகக் கைவைக்கிறது.

வெயில் குடிக்கும் பால்

மாட்டுக்கு வெறும் வெப்பம் மட்டும் பிரச்னை இல்லை. வெப்பத்தோடு ஈரப்பதமும் சேர்வதுதான் பிரச்னை. இதை அளக்க 'வெப்ப - ஈரப்பதக் குறியீடு' என்ற ஒன்றைக் கால்நடை விஞ்ஞானிகள் பயன்படுத்துகிறார்கள். குளிர்நாட்டுக் கறவை மாடுகளுக்கு இந்த அளவு 72-ஐத் தாண்டினாலே உடல் தவிக்க ஆரம்பிக்கும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 70 சதவிகித ஈரப்பதமும் இருந்தாலே குறியீடு 80-ஐத் தாண்டிவிடும். கடலோரத்தை ஒட்டிய திண்டிவனம் பகுதியில் இது கோடைக்கு மட்டும் உரிய கணக்கல்ல. நம் ஊர் கலப்பினப் பசுக்கள் ஓரளவுக்கு இதற்குப் பழகியவை என்றாலும், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

வெப்பம் ஏறினால் மாடு முதலில் தீனியைக் குறைக்கும். காரணம், வயிற்றில் தீனி செரிக்கும்போது உடலுக்குள்ளேயே வெப்பம் உண்டாகிறது. வெளியே வெயில், உள்ளே அடுப்பு என்றால் எந்த உயிர்தான் தாங்கும்? தீனி குறைந்தால் பால் குறையும். பாலின் கொழுப்பும் இதரச் சத்துகளும்கூடக் குறையும். கூட்டுறவு பால் சங்கத்தில் அந்தச் சத்துகளைப் பார்த்துத்தான் விலை. ஆக, லிட்டரும் குறைகிறது, லிட்டருக்கான விலையும் குறைகிறது.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. கடும் வெயிலில் மாடு பருவத்துக்கு வந்தாலும் கத்தாது, அறிகுறியே காட்டாது. 'ஊமைப் பருவம்' என்பார்கள். கவனிக்காமல் விட்டால் 21 நாள் போச்சு. கவனித்து ஊசி போட்டாலும் வெயில் காலத்தில் சினை நிற்பது குறைவு. இரண்டு மூன்று முறை இப்படித் தவறினால், அடுத்த கன்றும் அடுத்த கறவையும் மாதக்கணக்கில் தள்ளிப்போகும்.

2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெயிலுக்கு உயிரிழக்கும் மனிதர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்க அது வழிசெய்தது. ஆனால், வெயிலில் தினம் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் எனக் குறையும் பாலுக்கு யாரும் நிவாரணம் தரப்போவதில்லை. அதை மாடு வளர்ப்பவரேதான் சமாளிக்க வேண்டும்.

கீற்று, சாக்கு, தண்ணீர்த் தொட்டி

சமாளிக்கும் வழிகள் பெரும்பாலும் செலவு குறைந்தவை. இரும்புத் தகரம் அல்லது சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகைதான் பகலில் சூளையாக மாறும். அதன்மேல் தென்னங்கீற்றோ வைக்கோலோ பரப்பினாலும், வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் உள்ளே வெப்பம் தணியும். கொட்டகையின் நீளவாக்கு கிழக்கு - மேற்காக இருந்தால் உள்ளே வெயில் விழுவது குறையும். பக்கச் சுவர்களை முழுக்க அடைக்காமல் காற்றுக்கு வழி விடுவதும், உச்சி வேளையில் ஓரத்தில் ஈரச்சாக்கு கட்டித் தொங்கவிடுவதும் நல்ல பலன் தரும். வேம்பு, புங்கன், பூவரசு நிழல் இருந்தால் இன்னும் நல்லது.

தீனி நேரத்தை மாற்றுவது அதைவிட எளிது. அடர்தீவனத்தை விடியற்காலையிலும், வைக்கோல் போன்ற உலர்தீவனத்தை இரவிலும் கொடுத்தால், செரிமான வெப்பமும் உச்சி வெயிலும் ஒன்றாகச் சேராது. பசுந்தீவனம் இடையில் போதும். மேய்ச்சலும் காலை, மாலை மட்டுமே.

தண்ணீர் மிக முக்கியம். கறவைப் பசு கோடையில் நாளொன்றுக்கு 80 முதல் 100 லிட்டர்வரை குடிக்கக்கூடும். காலையும் மாலையும் வாளியில் காட்டிவிட்டுப் போனால் போதாது. நிழலில் எப்போதும் தண்ணீர் நிற்கும் தொட்டி வேண்டும். அதோடு தாது உப்புக் கலவையும் கொஞ்சம் கல்லுப்பும் சேர்த்தால், வெயிலில் உடல் இழக்கும் உப்பு ஈடாகும்.

போரில் இருக்கிறது அடுத்த கறவை

வெயிலில் மாட்டைக் காப்பாற்றினாலும், தீவனம் இல்லையென்றால் என்ன பயன்? இந்தப் பகுதியின் உலர்தீவனம் நெல் வைக்கோல், மணிலா கொடி, உளுந்துச் செடி, கரும்புத் தோகை. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் போடும் வைக்கோல் போர்தான் ஆண்டு முழுக்கக் கை கொடுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வரும்போது போரின் கடைசிப் பகுதி நனையும். நனைந்த வைக்கோலில் பூஞ்சை பிடித்தால் அதன் நச்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். அதனால், போரைத் தரையில் போடாமல் கல் அடுக்கி மேடை கட்டிப் போடுவதும், இயந்திரத்தில் கட்டிய வைக்கோல் கட்டுகளைத் தார்ப்பாய்க்குள் அடுக்குவதும் இப்போது அவசியமாகிவிட்டன.

பசுந்தீவனத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் ரகங்கள் பெயர்பெற்றவை. கரணை நட்டு 75 - 80 நாளில் முதல் அறுப்பு. அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை. ஆனால், இவற்றுக்கு நீர் வேண்டும். அதேநேரம் தண்ணீர் தேங்கினால் தூர் அழுகும். எனவே, வயலில் ஒரே பயிரை நம்பாமல் கோ எஃப்எஸ்-29, கோ எஃப்எஸ்-31 போன்ற தீவனச் சோளம், வேலிமசால், வரப்பில் அகத்தி, சூபாபுல் எனப் பிரித்துப் போடுவது பாதுகாப்பு. ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும்.

சோளத்தில் ஓர் எச்சரிக்கை. மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு கூடியிருக்கும். பூக்கும் முன் அதில் மாட்டை மேயவிட்டால் நிமிடங்களில் உயிர் போகும். வறட்சி கூடும் ஆண்டுகளில் இந்த ஆபத்தும் கூடும்.

மழை நன்றாகப் பெய்து புல் மிஞ்சும் மாதங்களில் அதை நறுக்கி, காற்றுப் புகாத பையிலோ டிரம்மிலோ அழுத்தி வைத்தால் சுமார் 45 நாளில் 'சைலேஜ்' எனும் ஊறுகாய்ப் புல் தயார். வெள்ளம் சூழ்ந்து நாலு நாள் வெளியே போக முடியாவிட்டாலும் மாடு பட்டினி கிடக்காது.

செம்மறிக்கு வரும் மழைக்காலக் கண்டம்

செஞ்சியில் வெள்ளிக்கிழமை சந்தையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த மண்ணில் ஆட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று. பண்டிகை நெருங்கினால் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் சந்தை அது. வடமாவட்டங்களின் சொந்தச் செம்மறி 'மெட்ராஸ் ரெட்'. செம்பழுப்பு நிறம், கம்பளி ரோமம் கிடையாது. வெயிலைத் தாங்கி, கிடைத்ததை மேய்ந்து வளரும் இனம். செங்கல்பட்டு அருகே காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை அறிவியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இனத்தைப் பராமரித்து ஆய்வு செய்கிறார்கள்.

வெயிலுக்கு அசராத இந்த ஆடு, ஈரத்துக்கு அசரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் நீலநாக்கு நோய் தலைகாட்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு கடிபூச்சிகள் பரப்பும் நோய் இது. நின்று வடியாத தண்ணீரும் சேறும் அந்தப் பூச்சிகளுக்குத் தொட்டில். மழைக்குப் பின் தளிர்க்கும் இளம்புல்லை ஆசையாய் மேயும் ஆடுகளைத் துள்ளுமாரி நோய் வாரிக்கொண்டு போகும். சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகும். மாட்டுக்கோ மடிநோய், ஈ, கொசு, உண்ணி பெருகினால் தோல் கழலை நோய்.

மழை காலம் தவறி வந்தால் நோயும் காலம் தவறி வரும். எனவே, மழைக்குப் பிறகு ஊசி தேடாமல், ஆவணி, புரட்டாசியிலேயே தடுப்பூசியையும் குடற்புழு நீக்கத்தையும் முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். தரையிலிருந்து உயர்த்திப் பலகை இடைவெளியோடு அமைக்கும் பரண்மேல் ஆடு வளர்ப்பு, சிறு வீடுகளுக்கு நல்ல தீர்வு. சாணமும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். ஆட்டின் கால் ஈரத்தில் படாது.

நிவாரணம் வரும், மாடு வராது

ஃபெஞ்சலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 3-ம் தேதி தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணத்தில் பசு, எருமை போன்றவை இறந்தால் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய், கோழிக்கு 100 ரூபாய். பேரிடர் நிவாரண நெறிமுறைப்படி ஒரு குடும்பத்துக்கு 3 கறவை மாடு அல்லது 30 ஆடு என்ற உச்சவரம்பும் உண்டு. நல்ல கறவையில் இருக்கும் கலப்பினப் பசுவைச் சந்தையில் வாங்கப் போனவர்களுக்கு இந்தத் தொகை எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். அதையும் வாங்க, இறப்பைக் கால்நடை மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். உடலே வெள்ளத்தில் அடித்துப் போய்விட்டால் நிரூபிப்பது பெரும்பாடு.

அதனால், மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண் தெரியும்படி செல்போனில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. காப்பீட்டுக்கும் அந்த எண்தான் ஆதாரம்.

வங்கதேசத்தில் இந்தப் பிரச்னைக்கு வேறு விதமாக விடை தேடினார்கள். 1970-ல் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட புயலுக்குப் பிறகு, கடலோரத்தில் 'கில்லா' எனும் உயரமான மண்மேடுகளை எழுப்பினார்கள். புயல் எச்சரிக்கை வந்தால் ஊரின் மாடு, ஆடு எல்லாம் அந்த மேட்டுக்குப் போய்விடும். மாட்டை விட்டுவிட்டு முகாமுக்கு வரமாட்டேன் என மனிதர்கள் உயிரைப் பணயம் வைப்பதும் இதனால் குறையும். நம் ஊரில் இன்னும் ஏரிக்கரையும் நெடுஞ்சாலையும்தான் கால்நடைகளுக்குப் புகலிடம்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

• கொட்டகையைச் சுற்றி வடிகால் வெட்டி, தரையை மேடாக்குங்கள்.

• ஊருக்குள் எந்த இடம் மேடு என்று இப்போதே முடிவு செய்யுங்கள். மாட்டை ஒருமுறை அங்கே ஓட்டிப் பழக்குங்கள்.

• புயல் எச்சரிக்கை வந்தால் இருட்டும் முன் மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்து விடுங்கள். அவிழ்த்த மாடு நீந்தும். கட்டிய மாடு மூழ்கும்.

• அறுந்து விழுந்த மின்கம்பி அருகே எந்தக் கால்நடையையும் விடாதீர்கள்.

• ஒரு வாரத் தீவனத்தையும் குடிநீரையும் உயரத்தில் வையுங்கள். வெள்ளநீரைக் குடிக்கவிடாதீர்கள்.

• அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

எந்த மாடு?

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. கென்யாவின் சம்புரு பகுதியில் தொடர் வறட்சியால் மாடுகளை இழந்தவர்கள் ஒட்டகத்துக்கு மாறிவிட்டார்கள். திண்டிவனத்தில் அப்படி ஒரேயடியாக மாற முடியாது. வெளிநாட்டு ரத்தம் கூடக் கூடப் பால் கூடும். வெயிலைத் தாங்கும் சக்தி குறையும். நாட்டு மாடு தாங்கும். பால் சங்கக் கணக்கை நிரப்பாது. 15 லிட்டர் கறந்து கோடையில் 8-க்கு இறங்கும் மாடா, 10 லிட்டர் கறந்து ஆண்டு முழுக்க 9-ஐ விடாத மாடா? இதுவரை சந்தையில் மடியைப் பார்த்து மாடு பிடித்தவர்கள், இனி வைகாசி மாதத்துப் பாலையும் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டியிருக்கும்.

கீற்றும் சாக்கும் தடுப்பூசியும் ஒரு குடும்பம் தானாகச் செய்துகொள்ளக்கூடியவை. ஊருக்குப் பொதுவாக ஒரு மேடும், நஷ்டத்தை உண்மையில் ஈடுசெய்யும் காப்பீடும் எந்தக் குடும்பத்தாலும் தனியாகச் செய்ய முடியாதவை. ஏரி தூர்வாரும்போது கிடைக்கும் மண்ணில் ஊருக்கு ஒரு மேடு போடலாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேட்க, இரண்டு மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது.