பெற்றோரின் மனச்சோர்வும் குழந்தைகளின் நலனும்

குழந்தை நலத் திட்டங்களின் பயன் பெரும்பாலும் எடை, உயரம், தடுப்பூசி, பள்ளி வருகை ஆகியவற்றைக் கொண்டே அளவிடப்படுகிறது. குழந்தையை வளர்ப்பவரின் மனநிலை இக்கணக்கில் பொதுவாக இடம் பெறுவதில்லை. ஆயினும், குழந்தையின் வளர்ச்சியை நிர்ணயிக்கும் காரணங்களுள் அதுவும் ஒன்றாகும்.

மனச்சோர்வு என்பது சில நாட்களில் மறையும் வருத்தம் அன்று. இரண்டு வாரங்களுக்கு மேலாக நீடிக்கும் மனத்தளர்ச்சி, எதிலும் ஈடுபாடின்மை, களைப்பு, உறக்கக் கேடு ஆகியவை அதன் அறிகுறிகள். 2015-16இல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளாகின்றனர். பாதிக்கப்பட்டோரில் 100க்கு 85 பேர் சிகிச்சை பெறவில்லை.

பாதிப்பு எவ்வாறு நிகழ்கிறது?

கைக்குழந்தை தாயின் முகத்தையும் குரலையும் கொண்டே உலகை அறிகிறது. தாய் சோர்ந்திருக்கும்போது பேச்சும் கொஞ்சலும் குறைகின்றன. உணவூட்டுவதிலும் தளர்ச்சி ஏற்படுகிறது. வளர்ந்த பிள்ளைகளிடம் அச்சம், பிடிவாதம், முரட்டுத்தனம், படிப்பில் பின்னடைவு ஆகியவை தோன்றலாம். சிலர் வீட்டின் துயரத்திற்குத் தாமே காரணம் என்று எண்ணி ஒடுங்கிவிடுகின்றனர். தந்தையின் மனச்சோர்வு பல வேளைகளில் சினமாகவும் குடிப்பழக்கமாகவும் வெளிப்படுவதால், அது நோயெனவே உணரப்படுவதில்லை.

கோவாவில் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் பதிவுசெய்த தாய்மார்களிடம் நடைபெற்று, 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் இதனை மெய்ப்பிக்கின்றன. மகப்பேற்றுக்குப் பின் 6 முதல் 8 வாரங்களில் 23 சதவீதத் தாய்மார்கள் மனச்சோர்வுற்றிருந்தனர். வறுமை, கணவருடன் இணக்கமின்மை, பெண் குழந்தை பிறந்தமை ஆகியவை இதனுடன் தொடர்புற்றிருந்தன. இத்தாய்மார்களின் குழந்தைகள் ஆறாம் மாதத்தில் எடை குறைந்திருக்கும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. எனவே, எடை குறைந்த குழந்தைக்குக் கூடுதல் உணவு வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது.

நம்பிக்கை தரும் வழி

இப்பாதிப்பு தவிர்க்க இயலாத விதி அன்று. அமெரிக்காவில் 2006இல் வெளியான ஆய்வொன்றில், சிகிச்சையால் மூன்று மாதங்களுக்குள் தாய்மார்கள் குணமடைந்த இல்லங்களில் பிள்ளைகளின் மனநலக் கோளாறுகளும் குறைந்தன. பாட்டி, அத்தை, ஆசிரியர் ஆகியோரின் உறுதியான அன்பும் பிள்ளைக்குப் பாதுகாப்பாகும். தாயைக் குறைகூறுவதோ நோயை மேலும் மறைக்கவே செய்யும்.

தேசிய மனநலத் திட்டம் 1982இலும், மாவட்ட மனநலத் திட்டம் 1996இலும் தொடங்கப்பெற்றன. 2022 முதல் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை வழங்கி வருகிறது. ஆனால், சோர்வுற்ற தாய் தாமாக உதவி நாடுவது அரிது. அவர் இல்லம் தேடிச் செல்லும் ஆஷா பணியாளரும் அங்கன்வாடிப் பணியாளரும் உறக்கம், பசி, மனநிலை பற்றிச் சில எளிய வினாக்களைக் கேட்கப் பயிற்சி பெறுதல் வேண்டும். தேவைப்படுவோரை மருத்துவரிடம் சேர்ப்பிக்கும் ஏற்பாடும் வேண்டும். தாயின் சிகிச்சைக்கான செலவு குழந்தையின் வளர்ச்சிக்கான முதலீடே ஆகும்.