கார் ஏசிக்குள் ஓர் அரை கிலோ

“அண்ணே, ஏசியில காத்து சூடா வருது. கேஸ் தீந்துபோச்சு போல, அடிச்சு விட்ருங்க.” சித்திரை பிறந்துவிட்டால் விருத்தாசலத்து கார் ஏசி ஷெட்டுகளில் அதிகம் காதில் விழும் பேச்சு இது. அதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. பெட்ரோல் எரியும், தீரும். ஏசியில் இருக்கும் வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. கம்ப்ரஸர், முன்பக்கக் கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் என்று மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. சில ஆண்டு ஓடினாலும் போட்ட வாயு ஏறக்குறைய போட்டபடி இருக்க வேண்டும். நிறையக் குறைந்திருக்கிறது என்றால் ஏதோ ஒரு ரப்பர் ஓ-ரிங்கிலோ, கல் பட்ட கண்டென்சரிலோ, கம்ப்ரஸர் சீலிலோ கசிவு இருக்கிறது.

கசிவை அடைக்கவோ பாகத்தை மாற்றவோ வேண்டுமானால் முதலில் உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைக் காலிசெய்தாக வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வால்வு மூடியைத் திருகி எடுத்து, ஸ்க்ரூடிரைவர் முனையால் நடுவிலுள்ள பின்னை அழுத்தினால் போதும். சில நிமிடங்களில் எல்லாம் காற்றில் கலந்துவிடும். செலவில்லை, கருவி வேண்டியதில்லை. நிறமில்லாத வாயு, வாசனையும் கிட்டத்தட்ட இல்லை என்பதால் ஏதோ தப்பு நடந்ததாகவே யாருக்கும் தோன்றாது.

நடந்ததைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பானட்டைத் தூக்கினால் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும்: ஆர்-134ஏ என்றும், பக்கத்தில் கிராம் கணக்கும். சாதாரணக் காருக்கு ஏறக்குறைய அரை கிலோ. ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் ஐந்தாவது அறிக்கைப்படி, நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, 1,300 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். அப்படியானால் அரை கிலோவுக்கு 650 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் வெளிவருவது சுமார் 2.3 கிலோ. ஆக, வாயு முழுதாக இருந்த வண்டியென்றால் அந்தச் சில நிமிடச் சீறல் ஏறக்குறைய 280 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமம். அதே கார் விருத்தாசலத்திலிருந்து சென்னைக்குப் பத்து தடவை போய்வந்தால்தான் அவ்வளவு பெட்ரோல் செலவாகும்.

இந்த வகைக் கணக்கை உலகத்துக்கு முதலில் போட்டுக்காட்டியவர் நம் கடலூர் மாவட்டத்திலேயே படித்தவர் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. வீரபத்ரன் ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தது 1965-இல். அவருக்குக் கிடைத்த முதல் வேலை செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நிறுவனத்தில். பெட்டியிலிருந்து வாயு ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. அப்போது புழங்கியது சிஎஃப்சி எனப்படும் குளோரோஃபுளோரோ கார்பன் வாயு. பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு, அமெரிக்காவில் கோள்களின் வளிமண்டலம் பற்றிய முனைவர் ஆய்வு. 1974-இல் வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் சிஎஃப்சி ஓசோனை அரிக்கும் என்று எழுதியதைப் படித்தவருக்கு இன்னொரு கேள்வி எழுந்தது: கசிந்த வாயு வெப்பத்தை என்ன செய்யும்? 1975-இல் ‘சயின்ஸ்’ இதழில் விடை வந்தது. கார்பன் டை ஆக்சைடு தப்பவிடும் அகச்சிவப்பு அலைகளை இந்த வாயு பிடித்துவைக்கிறது. அதன் ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளின் வேலையைச் செய்யும். அதுவரை பருவநிலை பற்றிய பேச்சில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே இருந்தது. கசிவு பார்க்கும் மெக்கானிக் வேலை வீண்போகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

சிஎஃப்சி நமக்கு அந்நியச் சரக்கும் அல்ல. இந்தியாவில் அதைத் தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றின் ஆலை மேட்டூரில் இருந்தது. ஓசோனைக் காப்பதற்கான 1987-இன் மாண்ட்ரீல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992-இல் சேர்ந்தது. 2003 முதல் புதிய வண்டிகளில் சிஎஃப்சி கூடாது என்றானது. 2008-இல் ஆஸ்துமா இன்ஹேலர் தேவை நீங்கலாக உற்பத்தியும் நின்றது. அதன் இடத்துக்கு வந்ததுதான் ஆர்-134ஏ. குளோரின் இல்லை என்பதால் ஓசோனுக்குத் தொல்லையில்லை. சூடேற்றும் குணம் மட்டும் போகவில்லை.

சரி, வெளியே விடாமல் எப்படி எடுப்பது? ரெக்கவரி மெஷின் என்பது தனக்கென்று ஒரு சின்ன கம்ப்ரஸர் வைத்திருக்கும் பெட்டி. வண்டியின் ஏசியைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு, அழுத்தம் காட்டும் கேஜ் செட்டின் நீல ஹோஸைத் தடித்த குழாயிலும் சிவப்பு ஹோஸை மெல்லிய குழாயிலும் மாட்டுவார்கள். மெஷின் வாயுவை உறிஞ்சி, அதோடு வரும் எண்ணெயைத் தனியே பிரித்து, அழுத்தித் திரவமாக்கி, தராசின் மேல் நிற்கும் சிலிண்டருக்குள் தள்ளும். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வந்து, அதற்கும் கீழே இறங்கும். அவசரக்காரர்கள் அங்கேயே ஹோஸைக் கழற்றிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் முள் மெல்ல மேலே ஏறுவது தெரியும். கம்ப்ரஸர் எண்ணெயில் கரைந்திருந்த வாயுவும், ஈரம் உறிஞ்சும் டிரையரின் அடியில் குளிர்ந்து திரவமாகக் கிடந்ததும் அப்போதுதான் ஆவியாகி வருகின்றன. சில வண்டிகளில் டிரையர் பாட்டிலின் வெளிப்புறம் வெள்ளையாக உறைபனி படிந்து, உள்ளே இன்னும் சரக்கு இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். மறுபடி உறிஞ்ச வேண்டும். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத் தரம், அரை மணி நேரத்தில் 95 சதவீத வாயுவை எடுக்கும் மெஷினைத்தான் மெஷின் என்று ஒப்புக்கொள்கிறது. வாயுவோடு வந்த எண்ணெயை அளந்து வைத்து, அதே அளவு புது எண்ணெய் விட வேண்டும். மின்சாரக் கார்களில் கம்ப்ரஸர் எண்ணெயே வேறு. பழைய வகை எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் மின்காப்பு கெட்டுப்போகும்.

அந்த டிரையர் பாட்டிலை அறுத்துப் பார்த்தால் விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு சொந்தம் தெரியவரும். உள்ளே ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன உருண்டைகள். ஜியோலைட் என்னும் கனிமத்தைக் களிமண் பிணைப்பில் உருட்டிச் சுட்டவை. ஜியோலைட்டும் அடிப்படையில் அலுமினாவும் சிலிக்காவும்தான். சீனாக்களிமண்ணிலிருந்தே அதைத் தயாரிக்கவும் முடியும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடக்கும் வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த ஊர் இது. ஃப்யூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு என்று சுட்டெடுக்கும் பீங்கான் பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசு நிறுவனமும் இங்கே இருக்கின்றன. டிரையர் உருண்டைக்கும் நம் ஃப்யூஸ் கட்டைக்கும் வேதியியலில் ஒரே குடும்பம். உருண்டையின் நுண்துளைகள் நீர் மூலக்கூறு நுழையும் அளவுக்கு மட்டுமே உள்ளவை. அதைவிடப் பெரிய ஆர்-134ஏ மூலக்கூறு வெளியிலேயே நின்றுவிடும். குழாய்க்குள் ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தைத் தின்னும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. சிஸ்டத்தைத் திறந்து போட்டுவிட்டால் உருண்டைகள் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்து நிரம்பிவிடும். டிரையரை மாற்றியாக வேண்டும். பிறகு பம்ப்பால் உள்ளே வெற்றிடமாக்கி வேக்கம் போடுவதும் ஈரத்தை வெளியேற்றத்தான். அழுத்தம் 40 மில்லிபாருக்குக் கீழே போனால் 30 டிகிரி வெயிலிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும்.

பிடித்த வாயுவை அடைக்கும் சிலிண்டரில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. ஆர்-134ஏ திரவம் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் சுமார் 15 சதவீதம் பெருகுகிறது. வாய்வரை திரவம் நிரப்பிய சிலிண்டரை வேனுக்குள் வைத்துப் பூட்டி நம் ஊர் மே மாத வெயிலில் நிறுத்தினால், பெருக்கத்துக்கு இடமில்லாமல் அழுத்தம் எகிறும், சிலிண்டர் வெடிகுண்டாகும். அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்ற விதி. தராசில்லாமல் ரெக்கவரி செய்யவே கூடாது என்பதும் அதனால்தான். புது வாயு வரும் ஒருமுறைச் சிலிண்டரில் திரும்ப அடைப்பது அதைவிட மோசம். அதன் தகடும் வால்வும் அதற்காகச் செய்யப்பட்டவையே அல்ல.

வாயு கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். கையில் பட்டால் தோல் உறைந்து கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸைத் தொடக் கூடாது. காற்றைவிட மூன்றரை மடங்கு கனம் என்பதால் ஷெட்டின் சர்வீஸ் பள்ளத்தில் தேங்கி, உள்ளே இறங்குபவருக்கு மூச்சுக்காற்று இல்லாமல் செய்துவிடும். சாதாரணமாக எரியாத வாயுதான்; ஆனால் வெல்டிங் சுடரில் பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகும். பீங்கானின் பளபளப்பையே அரிக்கும் அமிலம் அது, நுரையீரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கசிவு பார்க்கச் சாதாரணக் காற்றை அடைத்து அழுத்துவதும் கூடாது. அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் இந்த வாயு தீப்பிடிக்கக்கூடியது. உலர் நைட்ரஜன்தான் சரி.

இன்னொரு பயம் போலிச் சரக்கு. 2011-இல் குளிர்பதனக் கப்பல் கண்டெய்னர்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு அடைக்கப்பட்டிருந்தது. அது அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாக மாறியிருந்தது. சமையல் வாயு இனத்தைச் சேர்ந்ததைக் கலந்து விற்பவர்களும் உண்டு. யாரோ எங்கோ கேஸ் அடித்த வண்டி என்றால், உள்ளே இருப்பது என்னவென்று ஐடெண்டிஃபையர் கருவியால் பார்த்த பிறகே மெஷினை மாட்ட வேண்டும். கலப்பட வாயு நல்ல சிலிண்டர் முழுவதையும் கெடுத்துவிடும்.

எடுத்த வாயு சுத்தமாக இருந்தால் வடிகட்டி, அதே வண்டிக்கே திருப்பி அடிக்கலாம். கலப்படமானதை என்ன செய்வது? ‘நம்ம ஊர்ல சூளைக்கா பஞ்சம், அதுல எரிச்சிடலாமே’ என்று தோன்றும். பீங்கான் சூளையில் வெப்பம் போதும். ஆனால் வெளிவரும் ஃபுளோரின் அமிலத்தைப் பிடிக்க ஆளில்லை, புகைபோக்கி வழியே ஊருக்குள்தான் வரும். சிமெண்ட் சூளை வேறு கதை. அங்கே 1,450 டிகிரியில் சுண்ணாம்பு நிறைந்து கிடக்கிறது. ஃபுளோரின் அதோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடாகிக் கிளிங்கரிலேயே அடங்கிவிடும். மாண்ட்ரீல் ஒப்பந்த நாடுகள் ஏற்றுக்கொண்ட அழிப்பு முறைகளில் அதுவும் ஒன்று. இங்கிருந்து கார்டு லைன் ரயில் பாதையில் பெண்ணாடம், செந்துறை தாண்டினால் அரியலூர். சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லாத ஊர். ஷெட்டில் பிடித்த வாயுவைச் சேகரித்து அப்படியொரு சூளை வரை கொண்டுசேர்க்கும் ஏற்பாடுதான், என் கணிப்பில், மெஷினைவிட முக்கியமானது. தானியங்கி ரெக்கவரி மெஷின் விலை லட்சத்தைத் தாண்டும், புது வாயு கேன் அதற்கு முன்னால் கொசுறு. இந்தக் கணக்கில் சிற்றூர் மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேன் மலிவாகவே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. மாண்ட்ரீல் ஒப்பந்த நாடுகள் 2016-இல் கிகாலியில் எடுத்த முடிவை இந்தியா 2021-இல் ஏற்றது. அதன்படி 2028-இல் ஆர்-134ஏ போன்ற வாயுக்களின் பயன்பாடு ஒரு வரம்பில் நிறுத்தப்படும். 2032-இலிருந்து குறையத் தொடங்கி, 2047-க்குள் 85 சதவீதம் குறைய வேண்டும். இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏசி கட்டாயமாகிவிட்டது. ஓட்டுநர்களுக்கு இது எப்போதோ வந்திருக்க வேண்டிய வசதி. கரும்பும் பீங்கானும் ஏற்றி இந்த ஊர் வழியே போகும் புது லாரி ஒவ்வொன்றிலும் இனி வாயு இருக்கும். அவையும் ஒருநாள் இதே ஷெட்டுகளுக்குத்தான் வரும்.

வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் எத்தனை கிராம் அடித்தார்கள் என்று பில்லில் இருக்கும். எடுத்தது எத்தனை கிராம் என்று கேளுங்கள். ஸ்டிக்கரில் 450 என்றிருந்து, எடுத்தது 300 என்றால் ஏறக்குறைய 150 கிராம் ஏற்கெனவே கசிந்துபோயிருக்கிறது. ஓ-ரிங்கையும் கண்டென்சரையும் நைட்ரஜன் அழுத்தத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் வண்டியை வெளியே எடுத்தால், அடுத்த கோடைக்கு முன்பே அதே ஷெட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.