எச்சரிப்பது கருவி, காப்பது மருத்துவர்

அறுவை சிகிச்சையின்போது இரத்த அழுத்தம் மிகவும் தாழ்ந்தால் சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படக்கூடும். தமனியின் அழுத்த அலைகளில் தோன்றும் நுண்ணிய மாற்றங்களைக் கணித்து, சில நிமிடங்களுக்கு முன்னரே எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்று உருவாக்கப்பட்டுள்ளது.

அதைப் பற்றி 2020ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகள் கருதத்தக்கவை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் 68 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கவனிப்பைப் பெற்றோருக்கு அழுத்தம் தாழ்ந்திருந்த நேரம் பொதுவாக ஏறத்தாழ 33 நிமிடம்; கருவியின் துணையோடு கவனிக்கப்பட்டோருக்கு 8 நிமிடமே. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 214 நோயாளிகளிடம் நடந்த ஆய்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அங்கு எழுந்த எச்சரிக்கைகளில் ஏறத்தாழப் பாதிக்குச் சிகிச்சை தொடரவில்லை. செயல்படக் கிடைத்த அவகாசம் குறைவாக இருந்தது ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

எச்சரிக்கை மட்டும் நோயாளியைக் காப்பதில்லை. அதை உணர்ந்து உரிய நேரத்தில் செயல்படும் மயக்க மருந்து நிபுணரே காக்கிறார். அவருக்கு உதவ உங்களாலும் இயலும். நீங்கள் உட்கொள்ளும் மருந்துகள், குறிப்பாக இரத்த அழுத்த மாத்திரைகள், ஒவ்வாமை, முந்தைய அறுவை சிகிச்சைகளில் நேர்ந்த சிக்கல்கள் ஆகியவற்றை மறைக்காமல் கூறுங்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.